வயலட்காரர் சொன்ன பழுப்பு

ட்யூப்லைட் கம்பெனிகளெல்லாம் ஒன்றுசேர்ந்து தன்னை மட்டும் ஏமாற்றுகின்றன என்று வயலட்காரர் நம்பத் தொடங்கி இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அந்த இரண்டு வருடத்தில் வேலை மேஜைக்கு மேலே ஆறு ட்யூப்லைட் மாற்றியாகிவிட்டது. ஒவ்வொன்றும் மாட்டிய அன்றே மஞ்சளடித்தது. கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். "வெள்ளை வெளேர்னு எரியுதே சார்" என்று கடைக்காரர் சொன்னதை, விற்கிறவன் வேறென்ன சொல்வான் என்று ஒதுக்கித் தள்ளினார். கோளாறு தன் கண்ணில் இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வராமல் இல்லை. வந்தது. வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்.

அவருடைய பிழைப்பே அந்தக் கண்தான். ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில், மின்விசிறி இல்லாத ஓர் அறையில், கேமரா லென்ஸ் பழுதுபார்ப்பது அவர் தொழில். லென்ஸ் என்றால் ஒரே ஒரு கண்ணாடி என்று நினைக்கிறவர்கள் அதிகம். உள்ளே ஆறேழு கண்ணாடிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின்மேலும் சோப்புக் குமிழியின் தோல் மாதிரி மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. குமிழியில் நிறம் விளையாடுகிற அதே காரணத்தால் இங்கேயும் விளையாடும். ட்யூப்லைட்டுக்குக் கீழே லென்ஸைச் சாய்த்துப் பிடித்தால், உள்ளே குட்டிக் குட்டி ட்யூப்லைட்டுகள் தெரியும். ஒன்று பச்சை, ஒன்று தேன்நிற ஆம்பர், ஒன்று வயலட். அந்த வரிசையைப் பார்த்தே எந்த ஆலை, எந்த வருடம், நடுவில் யாராவது கண்ணாடியை மாற்றியிருக்கிறார்களா என்று புட்டுப் புட்டு வைப்பார் நம்மவர். வயலட்டில் மட்டும் பதினொரு வகை உண்டு என்பது அவர் கட்சி. மற்றவர்கள் கண்ணுக்கு எல்லாம் ஒரே வயலட்தான். ஆனாலும் எதற்கு வம்பு என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பெயரையே அவருக்கு வைத்துவிட்டார்கள்.

கடையில் மூன்று பேர். இவர், வரவேற்பு மேஜையில் இவர் மனைவி, திருகாணி வேலைக்கு மனைவியின் தம்பி. தம்பிக்கு முப்பத்தெட்டு வயது, கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். மாமாவைக் கிண்டல் செய்யாத நாளில் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. கலைக் கல்லூரியின் போட்டோப் பிரிவில் இருநூறு லென்ஸ்களைப் பராமரிக்கிற வேலை ஒன்று அவனுக்கு வரும்போல இருந்தது. தனியாக ஓர் அறை, தன் பெயரில் ஒரு மேஜை என்று பத்து வருடமாக ஆசைப்பட்ட வேலை. போட்டோக்காரர்கள் சங்கத்தின் செயலாளர் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. செயலாளர் வேறு யாருமில்லை, பள்ளிக்கூடங்களில் வகுப்பு போட்டோ எடுக்கிற அம்மா. இந்தக் கடையின் பழைய வாடிக்கை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த அம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"சார், லென்ஸுக்குள்ள பூசணம் புடிச்சிருச்சு. வட்டம் வட்டமா வானவில் மாதிரி தெரியுது, பாருங்க."

வயலட்காரர் வாங்கிப் பார்த்தார். முன்னால் மாட்டியிருந்த ஃபில்டரைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். வட்டங்கள் பெரிதாகி நகர்ந்தன.

"பூசணம் இப்படி நகராதும்மா. உங்க ஃபில்டர் கண்ணாடி உள்வாங்கி, லென்ஸ் கண்ணாடியைத் தொட்டுக்கிட்டு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட காத்துதான் இப்படி வட்டம் போடுது. ரெண்டு பேர் ரொம்ப நெருங்கிட்டாலே இந்தத் தகராறுதான்."

"கண்ணாடி மட்டுமா அப்படி" என்றார் மனைவி, ரசீதிலிருந்து தலையை எடுக்காமலே.

ஃபில்டரைக் கழற்றியதும் வட்டங்கள் மாயமாகிவிட்டன. அந்த அம்மாவுக்கு உயிர் வந்தது. "நீங்க நீங்கதான் சார்" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் புகழ்ச்சி காதில் விழுந்துவிட்டால் வயலட்காரருக்கு இன்னொரு வித்தை காட்டாமல் இருக்க முடியாது. இரண்டு வருடமாக நிறங்களை அவர் பெரும்பாலும் நினைவிலிருந்துதான் ஒப்பித்து வந்தார். லென்ஸின் மாடலைப் படித்தால் போதும், வரிசை வாயில் வந்துவிடும். அன்றைக்கு உற்சாகத்தில் நிஜமாகவே பார்த்துத் தொலைத்தார்.

"ஆம்பர். பச்சை. அடுத்தது..." நிறுத்தினார். சாய்த்தார், திருப்பினார். "பழுப்பு! இந்த மாடல்ல மூணாவது வயலட்டா இருக்கணும். பழுப்புங்கறதே கிடையாது. எவனோ நல்ல கண்ணாடியை உருவிட்டு வேற எதையோ போட்டிருக்கான்மா. கடைசியா இதைத் திறந்தது யாரு?"

அந்த அம்மா தயங்கினார். "இங்கதான் சார். போன வருஷம். உங்க மச்சினர்."

அறையில் ஒரு திருகாணி உருண்டு விழுந்த சத்தம் கேட்டது. மைத்துனன் எழுந்து வந்து, மாமாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"மாமா, அது வயலட்."

"நான் வயலட் பார்க்க ஆரம்பிச்சப்போ நீ பள்ளிக்கூடத்துல இருந்தே மாப்ளே."

"பள்ளிக்கூடத்துலயும் அது வயலட்தான் மாமா."

அந்த அம்மா லென்ஸை வாங்கித் தானும் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்தார். லென்ஸைப் பார்த்தார், வயலட்காரரைப் பார்த்தார், எதையோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டார். "நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். லென்ஸ் இங்கயே இருக்கட்டும், திறந்து பாருங்க. ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன்." படியில் காலை வைத்துவிட்டு, மைத்துனன் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "காலேஜ் லெட்டரை அதுக்கப்புறம் பேசிக்கலாம்."

இந்தத் தொழிலில் சோம்பேறி என்று பெயர் வாங்கலாம், குடிகாரன் என்றுகூட வாங்கலாம், மன்னித்துவிடுவார்கள். 'கண்ணாடி மாத்துறவன்' என்று ஒருதரம் பெயர் விழுந்தால் பிறகு யாரும் ஒரு லென்ஸ் மூடியைக்கூட நம்பிக் கொடுக்கமாட்டார்கள். மைத்துனன் முகத்தில் ஈயாடவில்லை. பதிலுக்கு ஒரு கிண்டல்கூட அவன் வாயில் வரவில்லை.

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் உண்டு: லென்ஸ் திறந்திருக்கும்போது சண்டை கூடாது. ஒழுக்கத்துக்காக இல்லை, எச்சில் தெறிக்கும். ஆகவே மூன்று பேரும் முகமூடி கட்டிக்கொண்டு, லென்ஸைத் திறந்து, மூன்றாவது கண்ணாடியை வெளியே எடுத்துத் துணியில் வைத்து, உலகத்திலேயே மிக மெதுவான குரலில் சண்டையைத் தொடங்கினார்கள்.

"பழுப்பு" என்று கிசுகிசுத்தார் இவர்.

"வயலட்" என்று கிசுகிசுத்தான் அவன்.

"என்ன துணிச்சல் உனக்கு."

"சத்தியமா நான் மாத்தலை மாமா. எனக்கு எதுக்கு இது?"

"ஏம்மா, நீ பாரு."

மனைவி குனிந்து பார்த்தார். பளிச்சென்று வயலட். சந்தேகத்துக்கு இடமே இல்லை. முதலில் லென்ஸை மூடச் சொன்னார். மூடினார்கள். பிறகு ஜன்னலைச் சாத்தினார், ட்யூப்லைட்டை அணைத்தார், லென்ஸ் சோதிக்கிற சின்ன டார்ச்சை எடுத்தார். தம்பியை நாற்காலியில் உட்காரவைத்து அவன் கண்ணுக்குள் அடித்தார்.

"அக்கா, நான் கேமரா இல்லை."

"சும்மா இரு."

தம்பியின் கருவிழிக்குள் மூன்று வெளிச்சப் பொட்டுகள் தெரிந்தன. ஒன்று பளீரென்று, ஒன்று பெரிதாக மங்கலாக, ஒன்று கடுகளவு. டார்ச்சை இடப்பக்கம் நகர்த்தினால் முதல் இரண்டும் கூடவே வந்தன. கடுகு மட்டும் எதிர்ப்பக்கம் ஓடியது. கிண்ணம் மாதிரிக் குழிந்த பரப்பில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் அப்படித்தான் ஓடும் என்பது அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸின் பின்பக்கம் அது.

"இப்ப நீங்க வாங்க."

வயலட்காரர் வந்து உட்கார்ந்தார். மறுத்தால் பயந்ததாகிவிடும். மனைவி வலது கண்ணில் டார்ச் அடித்தார். முதல் பொட்டு இருந்தது. இரண்டாவது, கலங்கின தண்ணீரில் விழுந்த மாதிரி இருந்தது. கடுகைக் காணோம். இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார். எதுவும் எதிரே ஓடவில்லை. இடது கண்ணில் இருந்தும் இல்லாத மாதிரி ஏதோ அசைந்தது.

"பின்னாடிப் பரப்புக்கு வெளிச்சமே போய்ச் சேரலைங்க" என்றார் மனைவி. குரல் கொஞ்சம் உடைந்தது. "உள்ளே பழுப்பேறியிருக்கு. மாறினது அந்தம்மா கண்ணாடி இல்லை, உங்க கண்ணாடி."

வயலட்காரர் பேசியபோது, முப்பது வருடமாகத் தான் எதிரே உட்காரவைத்துக் கேட்ட வாடிக்கையாளர்களில் ஒருவர் மாதிரியே பேசினார்.

"வெளியே துடைச்சா போயிடாதா?"

"உள்ளே இருக்கறது வெளியே துடைச்சா எப்படிங்க போகும்?"

"இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டலாமே?"

"ஓட்டலாம். பரவும்."

"திறந்து மூடினா பழைய மாதிரி வருமா?"

"செய்யற கை நல்லா இருந்தா வரும் மாமா" என்றான் மைத்துனன்.

"கை நல்ல கையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"அதையும் எல்லாருமே கேப்பாங்க."

அவன் சிரிக்காமல்தான் சொன்னான். ஆனால் வயலட்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்த வேகத்தில், சொல்லக் கூடாததைச் சொன்னார். "அக்காவும் தம்பியும் நல்லாத்தான் பேசி வச்சிருக்கீங்க. அவன் கையைக் காப்பாத்த என் கண்ணைக் குருடாக்கறீங்க."

மைத்துனன் முகமூடியை அவிழ்த்து, மடித்து, மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். சொன்ன வார்த்தை பொய் என்று சொல்லும்போதே வயலட்காரருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது மனைவி தோளில் கைப்பையை மாட்டினார். போன மாதம் வாங்கியது. "பிரவுன் உனக்கு எடுப்பா இருக்கு" என்று அன்றைக்கு வயலட்காரர் சொல்லியிருந்தார். மனைவி அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பை என்ன கலரு?" என்று இப்போது அவர் கேட்டார்.

"கத்தரிப்பூ கலருங்க."

வயலட்காரர் நான்கு படி இறங்கினார். ஐந்தாவது படியில் நின்றார். "டாக்டர்கிட்ட எப்பப் போகலாம்?"

கண் டாக்டர் ஒரு சுறுசுறுப்பான பெண்மணி. "எத்தனை நாளா மங்கலா இருக்கு?" என்று கேட்டார்.

"மங்கல்லாம் இல்லை டாக்டர். ட்யூப்லைட்தான் சரியில்லை."

"இங்க வர்ற எல்லாருக்கும் ட்யூப்லைட்தான் சரியில்லை" என்றபடி டாக்டர் எழுதிக்கொண்டார். இரண்டு கண்ணிலும் புரை. வலது நன்றாக முற்றியிருந்தது. அடுத்த வாரமே செய்துவிடலாம், இடதை இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். உள்ளே வைக்கிற செயற்கை லென்ஸின் அட்டையை வயலட்காரர் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எந்த ஆலை, எத்தனையாவது வருடத்துச் சரக்கு, திறந்து மாட்டும்போது மின்விசிறியை நிறுத்துவீர்களா என்று கேட்டார். டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். நிறுத்துவார்களாம்.

கட்டுப் பிரித்த காலையில் அவர் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரிக் கதவை. நீலமாக இருந்தது. இத்தனை நீலத்தை இவர்கள் எங்கே வைத்திருந்தார்கள் என்று தோன்றியது. தாதியின் உடுப்பு கூசுகிற மாதிரி வெள்ளை. மனைவியின் பை... அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை பொங்கிவிட்டது. "அழக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது" என்று தாதி அதட்டினார். இரண்டு வருடம் வெறும் மஞ்சளில் வாழ்ந்திருக்கிறோம் என்ற துக்கமும், திரும்பக் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷமும் சேர்ந்து வந்தால் கசக்காமல் எப்படி அழுவது என்று தெரியாமல், வாயை மட்டும் கோணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. அவர் நேராகக் கடைக்குப் போனார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த அம்மாவின் லென்ஸை ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்தார். ஆம்பர், பச்சை, வயலட். பதினொன்றில் நாலாவது வகை. வலது கண்ணை மூடி இடதால் பார்த்தார்: பழுப்பு. இடதை மூடி வலதால் பார்த்தார்: வயலட். மூடினார், திறந்தார், மூடினார்.

"வேலை நேரத்துல யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறீங்க?" என்றார் மனைவி.

"மாப்ளே எங்கே?"

மனைவி மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"எங்கேன்னு கேக்கறேன்ல?"

"போன வெள்ளிக்கிழமை அந்தம்மாவைப் போய்ப் பார்த்துட்டு வந்தான். நான்தான் மாத்திட்டேன், கைதவறி உடைஞ்சுபோச்சு, பயத்துல வேற கண்ணாடியைப் போட்டு மூடிட்டேன்னு சொல்லியிருக்கான். என்கிட்ட நேத்துதான் சொன்னான்." மனைவி நிமிர்ந்தார். "மாமாவுக்குக் கண்ணு போச்சுன்னு வெளியே தெரிஞ்சா கடையே போயிடும்க்கா, என் பேரு போனா ஒரு வேலைதானே போகும்னான். காலேஜுக்கு வரலைன்னு அவனே சொல்லிட்டான். இப்ப சாமான் வாங்கப் போயிருக்கான்."

யாரைத் திருடன் என்று வயலட்காரர் சொன்னாரோ அவன் போய், ஆமாம் திருடன்தான் என்று ஒப்புக்கொண்டு வந்திருக்கிறான். அதுவும் இவருடைய பெயருக்காக. தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடியை மாட்டினார், லென்ஸைப் பையில் போட்டார்.

"குனியக் கூடாது, வெயில் கூடாது, தூசி கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்களேங்க!"

"வாய் பேசக் கூடாதுன்னு சொல்லலையே."

அந்த அம்மா அன்றைக்கு ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இருந்தார். மூன்றாம் வகுப்பை மூன்று வரிசையாக பெஞ்சில் நிறுத்தி, "உயரமா இருக்கறவன் பின்னாடி போ, நீ ஏன் நாக்கை நீட்டுறே" என்று மேய்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியோடு ஒருவர் மண்ணில் அளந்து அளந்து நடந்து வருவதைப் பார்த்ததும் நாற்பது தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

"அம்மா, ஒரு நிமிஷம்."

"சார்? கண்ணுக்கு என்னாச்சு?"

மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தார். ஆனால் முப்பது வருடப் பெருமையை மெதுவாக இறக்கி வைக்க முடியாது. டீச்சர்களும் வாட்ச்மேனும் மூன்றாம் வகுப்பும் கேட்க உரக்கச் சொன்னார்.

"உங்க லென்ஸுல யாரும் எதையும் மாத்தலைம்மா. மூணாவது கண்ணாடி வயலட்தான். அன்னிக்கும் வயலட், இன்னிக்கும் வயலட். எனக்குத்தான் கண்ணுல புரை. ரெண்டு வருஷமா. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தேன். என் மச்சினன் உங்ககிட்ட வந்து ஒப்புக்கிட்டது முழுப் பொய். என் பேரைக் காப்பாத்தச் சொன்ன பொய். தப்பு பூராவும் என்னுது."

லென்ஸை நீட்டினார். அந்த அம்மா வாங்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் எப்படிப் போவதென்று தெரியாமல் கோபத்துக்கும் சிரிப்புக்கும் நடுவில் திண்டாடியது.

"சார், அன்னிக்கு உங்க கடையில நானும் பார்த்தேன். எனக்கும் வயலட்டாத்தான் தெரிஞ்சுது."

"அப்ப ஏம்மா சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? நீங்க வயலட்காரர். நீங்களே பழுப்புன்னு சொன்னா நான் என்ன நினைப்பேன்?" அந்த அம்மா மூச்சை இழுத்துவிட்டார். "மறுநாளே போய் என் கண்ணை டெஸ்ட் பண்ணிக்கிட்டேன் சார்! ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொன்னாரு. நம்பாம ரெண்டாவது டாக்டரையும் போய்ப் பார்த்தேன்!"

மூன்றாம் வகுப்புக்கு எதுவும் புரியவில்லை. ஆனாலும் முன்வரிசை சிரித்தது. சிரிப்பு பின்வரிசைவரை போயிற்று. வயலட்காரருக்கும் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் நிறைந்தது. தன் பேச்சுக்கு இவ்வளவு பலம் இருக்கிறதா என்று முதல்தடவையாகப் பயந்தார். நல்ல கண் உள்ள ஒருத்தி தன் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறாள், நல்ல கை உள்ள ஒருவன் தன் பெயரைத் தூக்கி எறிந்திருக்கிறான், எல்லாம் இவர் ஒருவர் டாக்டரிடம் போகப் பயந்ததால்.

"இனிமே நான் என்ன சொன்னாலும் உங்க கண்ணையே நம்புங்கம்மா" என்றார்.

"அப்ப நீங்க எதுக்கு சார்?"

"கழட்டி மாட்டறதுக்கு."

அந்த அம்மா போட்டோவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, கல்லூரிக்கு எழுதப் பையிலிருந்து சங்கத்தின் கடிதத்தாளை எடுத்தார். மூன்றாம் வகுப்பு சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தார்.

"உங்க மச்சினர் போயிட்டா உங்க கடையில நல்ல கண்ணு யாருக்கு சார் இருக்கு? யோசிச்சீங்களா?"

அவர் யோசிக்கவே இல்லை. இப்போதுதான் யோசித்தார். இடது கண் இன்னும் பாக்கி. தினமும் காலையில் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிண்டல் வராது. அந்த அறை எப்படி இருக்கும் என்று நினைத்தபடி கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"எழுதுங்கம்மா" என்றார். "கை சுத்தம்னு எழுதுங்க. பொய் மட்டும் சரியா சொல்ல வராதுன்னு சேர்த்துக்குங்க."